இந்த ஒரு ஆட்டம்

அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து ஆறாவது நாள் அது. 2022, ஜூன் முதல் வாரம். விருதுநகரிலிருந்து சென்னைக்கு அழைத்துவந்து எங்களோடு வைத்திருந்தோம். சொட்டு மருந்து ஒரு நாளைக்கு ஆறு வேளை. பகல் வேளைகளை என் மனைவி பார்த்துக்கொண்டாள். இரவு பத்து மணிச் சொட்டு என் பொறுப்பு. அப்பாவுக்குக் கை நடுக்கம் உண்டு. தானே விட்டுக்கொண்டால் பாதி மருந்து கன்னத்தில் வழிந்துவிடும். அவரைப் படுக்கவைத்து, கீழிமையை லேசாக இழுத்து ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மருந்தில் ஒரு சொட்டு. அவ்வளவுதான் வேலை.

ஒன்பதே முக்காலுக்கு உள்ளறையில் கணினி முன் உட்கார்ந்தேன். "பத்து மணிக்கு வந்துடறேன்ப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் ஹெட்போனை மாட்டினேன். நூறு பேர் ஒரு தீவில் குதித்து, கடைசிவரை உயிரோடு இருப்பவர் ஜெயிக்கும் வகை விளையாட்டு. நாங்கள் நால்வர் அணி. ஒருவன் பெங்களூரில், ஒருவன் துபாயில், இன்னொருவன் கோயம்புத்தூரில். எல்லோரும் கல்லூரி விடுதிக் காலத்து நண்பர்கள். முதல் ஆட்டத்தில் மூன்றாவது நிமிடமே செத்துப்போனோம். மணி பத்தாகவில்லையே, இன்னொன்று போடலாம் என்றான் துபாய்க்காரன். அதில் கடைசிப் பத்து பேருக்குள் வந்து தோற்றோம். அப்படித் தோற்றால் எழுந்து போக முடியாது, விளையாடுகிறவர்களுக்குத் தெரியும். நடுவில் யாரோ கதவருகே வந்து நின்றமாதிரி இருந்தது. திரும்பாமலே, "இதோ, இந்த ஒரு ஆட்டம்" என்றேன்.

ஹெட்போனைக் கழற்றியபோது மணி பன்னிரண்டு நாற்பது.

ஹாலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா தலையைப் பின்னால் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி மடியில் இருந்தது. வலது கையில் மருந்துக் குப்பியை இறுகப் பிடித்திருந்தார். சொட்டு விடுவதற்கு வாகாகவே தலையைச் சாய்த்தபடி காத்திருந்து அப்படியே தூங்கியிருக்கிறார்.

தொட்டதும் விழித்துக்கொண்டார். கோபம் ஒன்றும் இல்லை. "ஜெயிச்சியாய்யா?" என்றுதான் கேட்டார்.

மறுநாள் காலை என் மகனிடம், தாத்தா என்னைக் கூப்பிட்டாரா என்று கேட்டேன். அவனுக்கு அப்போது எட்டு வயது. பள்ளி இன்னும் திறக்கவில்லை என்பதால் இரவு முழித்திருந்திருக்கிறான். "வந்தாங்கப்பா. நாந்தான் சொன்னேன், அப்பா மேட்ச்ல இருக்காங்க, இப்ப கூப்பிட்டா திட்டுவாங்க, நீங்க ஹால்லயே உக்காந்திருங்க தாத்தான்னு." நல்ல காரியம் செய்துவிட்ட முகத்தோடு சொன்னான்.

கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வேளைச் சொட்டு இரண்டரை மணி நேரம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். ஆனால் மகன் சொன்ன வாசகம் எனக்குப் பழக்கமான ஒன்று. அதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். கேட்டிருக்கிறேன் என்ன, சொல்லியே இருக்கிறேன்.

*

விருதுநகரில் அப்பா ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஏழு மணிக்குக் கணக்கை முடித்துவிட்டு நேராக மனமகிழ் மன்றம் போவார். மாடியில் ஒரு நீளமான அறை, நடுவில் பச்சைத் துணி விரித்த மேசைகள், மேலே சிகரெட் புகை. ரம்மி. பெரிய தொகைக்கெல்லாம் இல்லை. குடும்பம் நடுத்தெருவுக்கு வந்த கதையாக இதை யாரும் வாசிக்க வேண்டாம். சம்பளம் வீட்டுக்கு வந்தது, பள்ளிக் கட்டணம் கட்டினார்கள். வராமல் இருந்தது அப்பாதான்.

எட்டரை மணிக்கு அம்மா என்னை அனுப்புவார். "போய் அப்பாவைக் கூட்டிட்டு வா. தோசைக்கல்லைப் போட்டாச்சுன்னு சொல்லு." நான் தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டு ஓடுவேன். மாடிப்படி ஏறி அப்பா பக்கத்தில் போய் நின்றால், அவர் கையிலிருக்கும் சீட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்வார்: "இதோ, இந்த ஒரு ஆட்டம்." கீழே கடையில் ஒரு கலர் வாங்கிக் குடித்துக்கொண்டு பெஞ்சில் இருக்கச் சொல்வார். கலர் குடித்து முடித்து, பாட்டிலுக்குள் இருக்கும் கோலியை ஆட்டிக்கொண்டிருப்பேன். திரும்ப மேலே போனால், வாசல் பெஞ்சில் இருக்கும் வாட்ச்மேன் தாத்தா தடுப்பார். நானே அவரிடம் சொல்வேன்: "தெரியும் தாத்தா. அப்பா ஆட்டத்துல இருக்காங்க. இப்பக் கூப்பிட்டா கோவப்படுவாங்க."

1996 பங்குனிப் பொங்கலுக்கு அம்மா அக்னிச்சட்டி எடுத்தார். அதற்கு முந்தைய வருஷம் தங்கைக்கு அம்மை போட்டிருந்தது, அப்போது நேர்ந்துகொண்டது. எங்கள் ஊரில் மாரியம்மனுக்குச் சட்டி எடுக்கும் நாளில் தெருவெல்லாம் மஞ்சள் சேலையும் வேப்பிலையும் நெருப்புமாக இருக்கும். சட்டி எடுப்பவரோடு கூடவே ஒரு ஆள் நடக்க வேண்டும், கூட்டத்தை விலக்கி வழி விட, நெருப்பைப் பார்த்துக்கொள்ள. அப்பாதான் நடப்பதாக ஏற்பாடு. ஆனால் திருவிழா என்பதால் முந்தைய இரவே மன்றத்தில் விடிய விடிய ஆட்டம். காலையில் நான் ஓடினேன். "அப்பா, அம்மா சட்டி எடுத்துட்டாங்க." அப்பாவின் கண்கள் சிவந்திருந்தன. "இதோ, இந்த ஒரு ஆட்டம்" என்றார்.

நாங்கள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மா சட்டியை இறக்கிவிட்டிருந்தார். பக்கத்து வீட்டு மாமா கூட நடந்திருந்தார். அம்மா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை சிவந்திருந்தது. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

*

அந்த வருஷம்தான் எனக்கும் என் மன்றம் கிடைத்தது. தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடியோ கேம்ஸ் கடை வந்தது. ஒரு சின்ன அறையில் மூன்று டிவி. ஒரு மணி நேரத்துக்கு ஐந்து ரூபாய். நிண்டெண்டோவின் நகலாக வந்த பெட்டிகள்தான் அப்போது ஊரெல்லாம். மஞ்சள் நிறக் கேசட்டைச் சொருகினால் படம் வராது. எடுத்து ஒரு ஊது ஊதிச் சொருகினால் வரும். கேசட்டின் மேல் 'ஒன்பது லட்சத்துச் சொச்சம் விளையாட்டுகள்' என்று போட்டிருக்கும், உள்ளே ஏழெட்டுதான் திரும்பத் திரும்ப வரும்.

காண்ட்ரா என்றால் உயிர். மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று அமுக்கி ஆரம்பித்தால் மூன்று உயிருக்குப் பதிலாக முப்பது உயிர். இணையம் இல்லாத ஊரில், யார் சொல்லி யாருக்குத் தெரிந்ததென்று தெரியாமலே, எல்லாப் பையன்களுக்கும் இந்த மந்திரம் தெரிந்திருந்தது. இங்கிலீஷில் நான் முதலில் தெரிந்துகொண்ட வார்த்தைகளில் 'கண்டினியூ' ஒன்று, 'கேம் ஓவர்' இன்னொன்று.

அந்தக் காலம் எவ்வளவு நல்லது, விளையாட்டுகள் எவ்வளவு எளிமை என்று எழுத வரவில்லை. அந்த ஐந்து ரூபாய்க்காக அப்பாவின் சட்டைப் பையில் கைவைத்திருக்கிறேன். பலமுறை. கணக்கு எழுதுகிறவருக்குத் தன் பையில் ஐந்து ரூபாய் குறைவது தெரியாதா? தெரிந்திருக்கும். அவர் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதை இப்போது யோசித்தால் புரிகிறது.

ஆனால் ஒன்று சொல்லலாம். அந்தக் கடையில் ஆட்டம் தானாக நின்றது. கடைக்காரர் சிலேட்டில் நேரம் எழுதிவைத்திருப்பார். ஒரு மணி நேரம் முடிந்தால் நீ எந்த ஸ்டேஜில் இருந்தாலும் சரி, பின்னாலிருந்து கை வந்து ஸ்விட்சை அணைக்கும். அணைத்தால் எல்லாம் போச்சு. சேமித்து வைக்க வழி கிடையாது. அடுத்த நாள் முதலிலிருந்துதான். கையில் காசு இல்லை என்றால் நிற்கும். கரண்ட் போனால் நிற்கும். அடுத்த பையன் முறை வந்தால் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, காண்ட்ராவுக்கே ஒரு முடிவு இருந்தது. எட்டு ஸ்டேஜ். எட்டாவதில் இருக்கும் அந்த இதயத்தைச் சுட்டு வெடிக்கவைத்தால் தீவு தகர்ந்து, ஹெலிகாப்டர் பறந்து, பெயர்கள் ஓட ஆரம்பிக்கும். மேரியோவில் எட்டு உலகம், கடைசியில் இளவரசி. அதற்குப் பிறகு வெளியே வந்தால் வெயில் கண்ணைக் கூசும். அந்தக் கூச்சம் இப்போதும் நினைவிருக்கிறது.

எனக்குள் எந்தக் கட்டுப்பாடும் அன்றைக்கு இருந்ததில்லை. எல்லாம் வெளியே இருந்தன. வளர்ந்த பிறகு அந்த வெளிக்கட்டுகள் ஒவ்வொன்றாகப் போயின. சம்பாதித்தேன், காசு பிரச்சினை போனது. சொந்தமாகக் கணினி வாங்கினேன், கடைக்காரர் போனார். இன்வெர்ட்டர் வந்து கரண்ட் கட் போனது. அம்மா இறந்துவிட்டார். கூப்பிட ஆளில்லை. கடைசியில் விளையாட்டுகளும் முடிவை விட்டுவிட்டன.

*

கொரோனா ஊரடங்கில் கைபேசியில் ஒரு கிராமம் கட்டும் விளையாட்டை ஏற்றினேன். பெயர் வேண்டாம். வேலி போட்டு, கோபுரம் கட்டி, தங்கம் சேர்த்து, பக்கத்துக் கிராமத்தின் மேல் படையெடுக்க வேண்டும். முதல் நாள் ஒரு கோபுரம் கட்ட ஒரு நிமிடம் ஆனது. ஒரு மாதம் கழித்து அதே கோபுரத்தை உயர்த்த ஐந்து நாள் ஆனது. ஐந்து நாள் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுக்க வேண்டும். நான் காசு கொடுக்கவில்லை, அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. காசுக்குப் பதிலாக எதைக் கொடுத்தேன் என்று அப்போது கணக்குப் பார்க்கவில்லை. அதிகாலை மூன்றரைக்குக் கட்டடம் முடியும் என்றால் மூன்றரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன். மகன் பிறந்த புதிதில் பால் கொடுக்க என் மனைவி எழுந்த நேரம் அது. அப்போதெல்லாம் நான் எழுந்ததில்லை.

மனைவி ஒருநாள் சொன்னாள்: "தூக்கிப் போட்டுத் தொலைங்க அதை." தூக்கிப் போட்டேன். ஏழு முறை தூக்கிப் போட்டேன். எட்டாவது முறை ஏற்றியபோதும் கிராமம் அப்படியே இருந்தது. அது என் கைபேசியில் இல்லை, எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. நான் போனதும் அதற்குத் தெரியும், வந்ததும் தெரியும். 'உங்களைக் காணாமல் ஊர்மக்கள் வருந்தினார்கள்' என்ற தோரணையில் ஒரு பரிசுப் பெட்டியோடு வரவேற்கும்.

பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் போன நூற்றாண்டின் நடுவில் புறாக்களையும் எலிகளையும் வைத்துச் செய்த சோதனைகள் பிரபலமானவை. ஒவ்வொரு முறை பொத்தானைக் கொத்தும்போதும் தீனி வந்தால், தீனி நின்ற கொஞ்ச நேரத்தில் புறா கொத்துவதை விட்டுவிடும். எப்போது வரும் என்றே தெரியாமல், சில முறை வந்து பல முறை வராமல் இருந்தால், தீனி முழுக்க நின்ற பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். சூதாட்ட இயந்திரத்தின் சூட்சுமம் இதுதான். பரிசுப் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று தெரியாத விளையாட்டுகளிலும் இதுதான். அப்பாவின் சீட்டிலும் இதேதான்: அடுத்து எடுக்கப்போகும் சீட்டு ஜோக்கராக இருக்கலாம். தினமும் வந்தால் பரிசு, ஒரு நாள் தவறினால் சேர்த்த வரிசை அறுந்துபோகும் என்பது இதன் மேல் ஏற்றிய இன்னொரு கொக்கி. ஆசையைவிட, விட்டுப்போய்விடுமே என்ற பயம் அதிகம் இழுக்கும்.

சொட்டு மருந்து இரவுக்குப் பிறகு, எனக்கிருப்பது வியாதியா என்று தேடி வாசித்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராவது பதிப்பு, 2019-இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் 'கேமிங் டிஸார்டர்' இருக்கிறது. மூன்று விஷயங்களைச் சொல்கிறார்கள். எப்போது தொடங்குவது, எவ்வளவு நேரம், எப்போது நிறுத்துவது என்பதில் கட்டுப்பாடு குலைவது. மற்ற விருப்பங்களையும் அன்றாட வேலைகளையும் தள்ளிவிட்டு விளையாட்டு முன்னுக்கு வருவது. கெடுதல் நடந்த பிறகும் அதைத் தொடர்வது. குடும்பம், படிப்பு, வேலை கணிசமாகப் பாதிக்கும் அளவுக்கு, பொதுவாக ஒரு வருஷமாவது இப்படி இருந்தால்தான் நோய் என்கிறார்கள். விளையாடுகிறவர்களில் ஒரு சிறு பகுதியினருக்குத்தான் இது பொருந்தும் என்பதையும் அவர்களே சொல்கிறார்கள். பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதற்கென்றே 2014-இல் ஒரு தனிப் பிரிவு தொடங்கியிருக்கிறது.

வாசித்ததில் என்னைத் தைத்தது, அதில் இல்லாத ஒன்று. இத்தனை மணி நேரத்துக்கு மேல் விளையாடினால் தப்பு என்று எங்கேயும் இல்லை. நாமெல்லாம் மணிக்கணக்கில்தான் பேசுகிறோம். அரசாங்கங்களும் அப்படித்தான். தென் கொரியா 2011-இல், பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை இணையத்தில் விளையாடத் தடை போட்டது. பத்து வருஷம் வைத்திருந்து பிறகு கைவிட்டது. சீனா 2021-இல், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை மட்டும் என்றது. தமிழ்நாட்டிலும் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவிலிருந்து காலை ஐந்து மணிவரை கூடாது என்று 2025-இல் விதி வந்தது. எல்லாம் பின்னாலிருந்து ஸ்விட்சை அணைக்கும் கடைக்காரரின் கைதான். தேவையில்லை என்று சொல்ல மாட்டேன், அந்தக் கை என்னைப் பல நாள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. ஆனால் முப்பத்தாறு வயதில், பணமும் வைக்காமல், நண்பர்களோடு ஆடுகிறவனுக்கு எந்தக் கையும் வராது. எனக்கு நானே கடைக்காரன்.

*

அப்பா ஊருக்குத் திரும்பும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். கேட்கவே கூடாது என்று இருபத்தாறு வருஷமாக வைத்திருந்ததைக் கேட்டேன். "மன்றத்துக்குப் போறதை எப்படிப்பா விட்டீங்க?"

"விடலையே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அப்பா மன்றத்துக்குப் போவது நின்றுவிட்டது என்பதுதான் என் ஞாபகம்.

"சட்டி எடுத்த அன்னிக்கே மாரியம்மன் மேல சத்தியம் பண்ணினேன். இனி சீட்டைத் தொட மாட்டேன்னு. பதினோரு நாள். பன்னெண்டாம் நாள் போயிட்டேன். சத்தியம் பண்ணிட்டுப் போறது சும்மா போறதவிட மோசம்யா. ஏற்கெனவே கெட்டாச்சு, இனிமே என்னன்னு தோணிரும். அன்னிக்குதான் ரொம்ப நேரம் ஆடினேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கீழே தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடும் சத்தம்.

"அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். எனக்குச் சீட்டு புடிக்குது. அது பொய்யில்ல. ஆனா அந்த மாடில உக்காந்தா எந்திரிக்க வழி இல்ல. ஜெயிச்சா எந்திரிக்க விட மாட்டானுக. தோத்தா நம்ம மனசு விடாது. அங்க ஜன்னலையும் சாத்தியே வச்சிருப்பாங்க, விடிஞ்சது தெரியாது. அதனால ஆட்டத்தை விடல, எடத்தை மாத்தினேன். உங்க மாமாவையும் சித்தப்பாவையும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம வீட்டுத் திண்ணைக்கு வரச் சொன்னேன். காசு கெடையாது. தோத்தவன் வடை வாங்கணும். உங்கம்மா காப்பி டம்ளரைக் கொண்டாந்து வச்சா, கையில இருக்கிறதுதான் கடைசி ஆட்டம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. திண்ணையில் பாய், மாமாவின் சிரிப்பு, சீட்டைக் கலைத்துப் போடுவது என் வேலை, நாலரை மணிக்குக் காப்பி. என் சிறுவயதின் நல்ல பொழுதுகளைச் சொல்லச் சொன்னால் முதலில் அதைத்தான் சொல்வேன். அது ஒரு மனிதர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கட்டிக்கொண்ட ஏற்பாடு என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

"அம்மாகிட்ட சொன்னீங்களா, காப்பி கொண்டுவந்து வைக்கச் சொல்லி?"

"அவகிட்டதான் கேட்டேன். எந்திரிக்க எனக்குத் தெரியல, நீ எழுப்பிவிடுன்னு. அதைக் கேக்குறதுக்குத்தான் ஒரு வருஷம் ஆச்சு."

பிறகு, ஏதோ அப்போதுதான் தோன்றியதுபோல் சொன்னார்: "உக்காரும்போதே எது நம்மள எழுப்பும்னு தெரிஞ்சுக்கிட்டு உக்காரணும்யா. உக்காந்த பெறகு யோசிச்சா நடக்காது."

*

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மூன்று வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இடத்தை மாற்றினேன். உள்ளறையிலிருந்த கணினி மேசையை ஹாலுக்குக் கொண்டுவந்தோம். வீட்டில் நடமாடுகிறவர்கள் எல்லோரும் என் பின்னால்தான் போயாக வேண்டும். ஹெட்போனில் ஒரு காது மட்டும். கைபேசியில் விளையாட்டே இல்லை. முடிவில்லாததும், காத்திருக்க வைப்பதும், தினமும் வரச் சொல்வதும் வேண்டாம் என்று வைத்தேன். கிராமம் அந்த சர்வரில் இன்னும் இருக்கும். ஊர்மக்கள் வருந்திக்கொண்டிருக்கட்டும்.

வார நாட்களில் ஆடினால், நினைத்த இடத்தில் நிறுத்தி, சேமித்து, எழுந்து போகக்கூடிய விளையாட்டுகள் மட்டும். கதை உள்ளவை, முடிவு உள்ளவை. அணியாக ஆடுவதில் பாதியில் நிறுத்த வழியில்லை. நான் எழுந்தால் மற்ற மூவரும் கெடுவார்கள். இந்த ஒரு காரணம்தான் எழுந்திருக்க விடாமல் என்னை உட்காரவைத்தது, அதுவும் நல்ல காரணம்போல் தோன்றுவது. அதனால் அணி ஆட்டம் சனிக்கிழமை மட்டும், ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. பத்தரைக்கு மேல் புது ஆட்டம் தொடங்குவதில்லை. நண்பர்களிடம் இதைச் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. சொன்னபோது துபாய்க்காரன் கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு, "எனக்கும் அதான்டா வேணும்" என்றான். அவன் வீட்டில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

அந்த சனிக்கிழமைகளை விடுவதாக இல்லை. நான்கு ஊர்களில் இருக்கும் நடுத்தர வயது ஆண்கள் வாரம் தவறாமல் பேசிக்கொள்ள வேறு என்ன சாக்கு இருக்கிறது? சும்மா போன் செய்தால் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச்சு ஓடாது. சுட்டுக்கொண்டே பேசும்போதுதான் ஒருவனுக்குச் சர்க்கரை வந்த செய்தியும், இன்னொருவனுக்கு வேலை போன செய்தியும் வெளியே வந்தன.

எழுதி முடிக்கும்போது எல்லாம் சரியாகிவிட்டதுபோல் இருக்கிறது. ஆகவில்லை. போன வருஷம் அலுவலகத்தில் ஒரு மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட வாரத்தில், செவ்வாய்க்கிழமை இரவு இரண்டு மணிவரை ஆடினேன். அன்று எந்த விதியும் நினைவுக்கு வரவில்லை. பிறகு யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. ஆசைப்பட்டு உட்கார்ந்த நாட்களில் எழுந்துவிடுகிறேன். எதிலிருந்தோ தப்பிக்க உட்கார்ந்த நாட்களில் எழ முடிவதில்லை. இப்போது கோபத்தோடு வீட்டுக்கு வந்தால் கணினிப் பக்கம் போகும் முன் குளித்துவிடுகிறேன். பெரிய தத்துவம் இல்லை. பாதி நாட்களில் குளித்த பிறகு தூக்கம்தான் வருகிறது.

மகனுக்குப் பதினொரு வயதாகிவிட்டது. அவன் மைன்கிராஃப்டில் வீடு கட்டுகிறான். முதலில் நானும் எல்லா அப்பாக்களையும்போல "இன்னும் பத்து நிமிஷம்" என்று கத்திக்கொண்டிருந்தேன். அவனும் "இதோ, இந்தச் சுவர் மட்டும்" என்பான். பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தேன். அந்த உலகத்துக்கென்று ஒரு சூரியன் இருக்கிறது. ஒரு பகலும் இரவும் சேர்ந்து நம் கணக்கில் இருபது நிமிடம். இருட்டினால் பேய் பிசாசெல்லாம் கிளம்பும். கட்டில் செய்துபோட்டுப் படுத்துவிட்டால் நேராக விடிந்துவிடும். அதனால் எங்களுக்குள் கணக்கு நிமிடத்தில் இல்லை. மூன்று அந்தி. மூன்றாவது முறை சூரியன் இறங்கும்போது கட்டிலில் போய்ப் படுக்க வேண்டும். படுத்தால் ஆட்டம் முடிந்தது. அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். "பத்து நிமிஷம்" என்று நான் சொல்வது அவனுக்கு வெளியிலிருந்து வரும் அடி. சூரியன் இறங்குவது அவனே பார்க்கும் விஷயம். சண்டை முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் பல நாள் அவனே மானிட்டரை அணைத்துவிட்டு வருகிறான். சுவர் பாதியில் நிற்கும். நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்கிறான்.

அவனிடம் இன்னொன்றும் கேட்டேன். அப்பா கேட்டதுதான். அதற்கு எனக்கும் கொஞ்ச நாள் பிடித்தது. "நான் ஆடும்போது யாராவது கூப்பிட்டா, நீ வந்து என்னை எழுப்பிவிடணும். திட்ட மாட்டேன்." முதல் சில வாரங்கள் அவன் நம்பவில்லை. தூரத்தில் நின்று முகத்தைப் பார்ப்பான். நான் என் அப்பாவின் முகத்தைப் பார்த்த அதே பார்வை.

போன சனிக்கிழமை கடைசி ஆறு பேரில் நாங்கள் நால்வரும் உயிரோடு இருந்தோம். எதிரே இரண்டு பேர்தான். மகன் தோளைத் தொட்டான். "அப்பா, தாத்தா போன்ல." கையை எடுப்பதற்கு ஒரு கணம் ஆனது. உண்மையைச் சொன்னால், ஒரு கணத்துக்கும் மேலேயே ஆனது. பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். அதற்குள்ளிருந்து மூன்று பேர் என் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது.

அப்பாவுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. மழை பெய்கிறதா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தார். பின்னால் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"ஆட்டத்துல இருந்தியா?"

"ஆமாப்பா."

"பாதியிலயா எந்திரிச்ச?"

"ஆமா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"கஷ்டமா இருந்திருக்குமேய்யா" என்றார்.